ஒரு கையில் டிசிப்ளினரி கடிதம், மறு கையில் மேனேஜர் மேல் புகார்

கடிதம் ஈமெயிலில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலே முக்காலுக்கு. எச்.ஆரில் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். திங்கள்கிழமை வரை கேட்க ஆள் கிடையாது. நான் அப்போது ஒரு கேர் ஹோமில் நைட் ஷிஃப்ட் சீனியர் கேரர். மூன்று இரவுகளில் மருந்து சார்ட்டில் என் கையெழுத்து இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. ஓர் இரவு என் மாடியை விட்டு இருபது நிமிடம் காணாமல் போனேன் என்பது இரண்டாவது. 'கிராஸ் மிஸ்கண்டக்ட் (மிகக் கடுமையான நடத்தைக் குற்றம்) ஆகக் கருதப்படலாம், வேலைநீக்கம் வரை போகலாம்' என்று கடைசிப் பத்தி சொன்னது. அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர், ஏழு மாதமாக என் ரோட்டாவை, அதாவது ஷிஃப்ட் அட்டவணையை, மாற்றி மாற்றி என்னை அலைக்கழித்த அதே மேனேஜர்.

அன்றிரவே உட்கார்ந்து ஒன்பது பக்கத்துக்கு அவர்மேல் கிரீவன்ஸ், அதாவது முறையான புகார், எழுதினேன். இரண்டு மணிக்கு அனுப்பியும் விட்டேன். புகார் கொடுத்ததில் தப்பில்லை. கொடுத்த விதம் மகா தப்பு. பிற்பாடு யூனியன் ரெப் ஆகி, மற்றவர்களோடு ஹியரிங்குகளில், அதாவது முடிவெடுக்கும் கூட்டங்களில், உட்கார ஆரம்பித்தபோது ஒன்றைக் கவனித்தேன்: அதே ஒன்பது பக்கத்தைத்தான் ஆள் மாற்றி ஆள் எழுதுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து நடைமுறை. வட அயர்லாந்தில் அமைப்பும் விதிகளும் வேறு.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். டிசிப்ளினரி, அதாவது ஒழுங்கு நடவடிக்கை, என்பது உங்களைப் பற்றிய கேள்வி. கிரீவன்ஸ் என்பது மேனேஜரைப் பற்றிய கேள்வி. ஒன்றுக்கு மற்றது பதில் ஆகாது. அவர் உங்களைப் பழிவாங்குகிறார் என்பது நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருக்கட்டும். சார்ட்டில் கையெழுத்து இருந்ததா இல்லையா என்ற கேள்வி நகராமல் அங்கேயே நிற்கும். நான் நீல ஃபைல் ஒன்று, மஞ்சள் ஃபைல் ஒன்று வாங்கினேன். நீலத்தில் என்மேல் வந்த குற்றச்சாட்டு, மஞ்சளில் நான் கொடுத்த புகார். இரண்டுக்கும் பொதுவான விஷயம் இருந்தால் அதற்கென்று ஒரே ஒரு பக்கம், அதன் நகல் இரண்டிலும். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிவினையின் விரிவுதான்.

புகார் கொடுத்தால் விசாரணை நிற்குமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தானாக நிற்காது. வேலைத் தகராறுகளில் நடுவில் நின்று பேசும் பொது அமைப்பு ஏகாஸ். டிசிப்ளினரி, கிரீவன்ஸ் இரண்டுக்கும் அது ஒரு நடைமுறைத் தொகுப்பு வைத்திருக்கிறது. விசாரணை நடக்கும்போது ஊழியர் புகார் கொடுத்தால், புகாரைக் கவனிப்பதற்காக விசாரணையைத் தற்காலிகமாக நிறுத்தலாம் என்கிறது அது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்றால் சேர்த்தே நடத்துவதும் பொருத்தமாக இருக்கலாம் என்கிறது. கவனியுங்கள், இரண்டு இடத்திலும் 'லாம்'. எங்குமே 'வேண்டும்' இல்லை. நம் ஆட்கள் அந்த 'லாம்'-ஐ 'வேண்டும்' என்று படித்துவிட்டு, ஹியரிங்குக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கம்பெனி ஆளில்லாமலே முடிவெடுத்துக் கடிதம் அனுப்பிவிடுகிறது.

எனவே 'நிறுத்துங்கள்' என்பதைவிட 'ஆளை மாற்றுங்கள்' என்று கேட்பது பலமான கோரிக்கை. விசாரித்து அறிக்கை எழுதுகிறவரும் ஹியரிங்கில் முடிவெடுப்பவரும், இயன்றவரை வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று அதே தொகுப்பு சொல்கிறது. புகாரையும், புகாருக்கு ஆளானவரிடம் கொடுக்காமல் வேறொரு மேனேஜரிடம் கொடுக்கச் சொல்கிறது. நான் கடைசியில் எழுதிய வரி இதுதான்: 'என்னை விசாரிக்கும் மேனேஜர்மேல் நான் இன்று தனியாக முறையான புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ரோட்டா மாற்றங்களைத் தொட்டவை. எனவே விசாரணையை அவரோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுக்கும்படியும், புகாரின் முடிவு தெரியும்வரை ஹியரிங்கைத் தள்ளிவைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தள்ளிவைக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்.' தள்ளிவைக்கவில்லை. ஆனால் ஆளை மாற்றினார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் இரண்டு நாள்

கடிதத்தை நிதானமாக இரண்டாம் முறை படியுங்கள். கூப்பிட்டிருப்பது இன்வெஸ்டிகேஷன் மீட்டிங்குக்கா, ஹியரிங்குக்கா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் தகவல் திரட்டுகிறார்கள், இரண்டாவதில் முடிவெடுக்கிறார்கள். ஹியரிங் என்றால், பதில் தயார் செய்யும் அளவுக்குக் குற்றச்சாட்டின் விவரமும், என்ன தண்டனை வரக்கூடும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் காட்டப்போகும் எழுத்துச் சாட்சியங்களின் நகலும் பொதுவாகக் கூடவே வர வேண்டும். வராவிட்டால் இரண்டே வரியில் கேளுங்கள். விளக்கம், வருத்தம், கோபம் எதையும் அந்த ஈமெயிலில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, அழிந்துபோகக்கூடிய சாட்சியம். இது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. கேமரா பதிவுகளின் மேல் கொஞ்ச நாளில் புதிய பதிவு ஏறிவிடும். எனக்கு அந்த இருபது நிமிடம் முதலில் ஞாபகமே இல்லை. நாலு மாதத்துக்கு முந்தைய ஓர் இரவு. யாருக்கு ஞாபகம் இருக்கும்? சனிக்கிழமை காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது: அன்று மேல்மாடியில் ஒரு பாட்டி கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார், அங்கிருந்த பெண் தனியாகத் தூக்க முடியாமல் என்னை அழைத்தாள். கால் பெல் அடித்தால் எந்த அறை, எத்தனை மணி என்று கணினியில் பதிவாகும். கதவைத் திறக்கும் ஃபாப்பும் பதிவாகும். 'அந்தத் தேதி இரவு இரண்டிலிருந்து நான்கு மணி வரையிலான கால் பெல் பதிவையும் இரண்டு மாடிக் கதவுகளின் ஃபாப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கவும்' என்று அன்றே எழுதினேன். பதிவு வந்தது: 3.12-க்கு மேல்மாடி பெல், 3.14-க்கு என் ஃபாப், 3.33-க்குத் திரும்ப என் ஃபாப். இரண்டாவது குற்றச்சாட்டு அந்த ஒரு தாளோடு முடிந்தது. என் ஒன்பது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் சாட்சியம் சேர்க்கிறேன் என்று மருந்து சார்ட்டைப் போனில் படம் பிடிப்பது, கம்பெனி ஈமெயில்களைச் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்வது, இதெல்லாம் வேண்டாம். அடுத்தவரின் மருத்துவ விவரம் உங்கள் போனில் இருந்தால் அதுவே புதிய குற்றச்சாட்டாகிவிடும். பழைய குற்றச்சாட்டு நிற்காமல் போனாலும் புதியது நிற்கும். 'இன்ன ஆவணம் இன்ன இடத்தில் இருக்கிறது, எனக்கு நகல் வேண்டும்' என்று எழுதிக் கேளுங்கள்.

சஸ்பெண்ட் செய்திருந்தால், உடன் வேலை செய்பவர்களோடு பேசக்கூடாது என்று கடிதத்தில் இருக்கலாம். அப்படியென்றால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கண்ணீர் முகம்கூடப் போட வேண்டாம். சாட்சியிடம் பேச வேண்டுமானால் எச்.ஆர். வழியாக அனுமதி கேளுங்கள். சஸ்பென்ஷன் தண்டனை அல்ல. சம்பளத்தோடு இருக்க வேண்டும், தேவையான நாளுக்கு மட்டும் இருக்க வேண்டும், அவ்வப்போது அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். எப்போது மறுபரிசீலனை என்று கேட்பதில் தவறில்லை.

நீல ஃபைல்: ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வது

குற்றச்சாட்டுகளை எண் போட்டுப் பிரியுங்கள். மேனேஜர் என்று ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். கேட்க எளிது, செய்ய மகா கஷ்டம்.

என் மூன்று இரவுகளில் ஓர் இரவு நான் வேலையிலேயே இல்லை. முந்தைய நாள் மேனேஜர் ரோட்டாவை மாற்றி என்னை எடுத்திருந்தார், ஆனால் சுவரில் ஒட்டிய தாளில் என் பெயர் அப்படியே கிடந்தது. மீதி இரண்டு இரவும் என்னுடையவை. மருந்து கொடுத்தேன், சார்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. முதலில் இதற்கு அரைப்பக்கம் சாக்கு எழுதியிருந்தேன். ஹியரிங்கில் என்னோடு உட்கார வந்த அக்கா அதைப் படித்துவிட்டு, "போட்டியா, போடலையா?" என்றார். "போடலை." "அப்ப அதை எழுது." எழுதினேன்: 'இந்த இரண்டு இரவும் மருந்து கொடுத்தேன், சார்ட்டில் குறிக்கவில்லை. அது என் தவறு.' அதற்குப் பிறகுதான் அன்று இரண்டு மாடிக்கும் நான் ஒருத்தியே சீனியர் என்பது, ஆறு ஆண்டில் இதற்கு முன் எச்சரிக்கையே இல்லை என்பது, அந்த வாரமே மருந்துப் பயிற்சியை மறுபடி எடுத்துக்கொண்டது. இந்த வரிசை முக்கியம். சாக்கை முன்னால் வைத்தால் அது மழுப்பல் மாதிரித் தெரியும். ஒப்புதலுக்குப் பின்னால் வைத்தால் அதே விஷயம் விளக்கம் ஆகிவிடும்.

பிற்பாடு வேலை வழக்குகளைத் தீர்க்கும் டிரைப்யூனல் வரை போனாலும், நடத்தை சம்பந்தமான வேலைநீக்கத்தில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, முதலாளி உண்மையிலேயே நம்பினாரா, நம்ப நியாயமான ஆதாரம் இருந்ததா, நியாயமாக விசாரித்தாரா என்பதைத்தான். நீங்கள் நிஜமாகத் தப்பு செய்தீர்களா என்பதை அவர்கள் புதிதாக விசாரித்துத் தீர்ப்பதில்லை. ஆகவே 'பெல் பதிவைப் பாருங்கள் என்று கேட்டேன், பார்க்கவில்லை' என்பது எழுத்தில் இருந்தால் அதற்குத் தனி எடை.

மஞ்சள் ஃபைல்: இரண்டு பக்கம் போதும்

ஒன்பது பக்கத்தை வாபஸ் வாங்கி, இரண்டு பக்கமாகக் கொடுத்தேன். எப்படிச் சுருக்கினேன் என்பதற்கு ஒரு வரி காட்டுகிறேன். முதலில் எழுதியது: 'அவர் எப்போதும் எல்லோர் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்துகிறார்.' திருத்தியது: 'மார்ச் 14, இரவு ஹேண்ட்ஓவரில், இரண்டு கேரர்கள் முன்னால், "இவள் பேசுவது யாருக்காவது புரிகிறதா?" என்று கேட்டுச் சிரித்தார்.' 'எப்போதும்', 'எல்லோரும்', 'வேண்டுமென்றே' ஆகிய மூன்று சொற்களையும் தேடி அடியுங்கள். தேதி தெரியாவிட்டால் 'பிப்ரவரி கடைசி வாரம்' என்றாவது போடுங்கள். முடிவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். 'நியாயம் வேண்டும்' என்றால் எச்.ஆருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'என் ரோட்டாவை வேறொருவர் போட வேண்டும், மாற்றினால் 7 நாள் முன்பே சொல்ல வேண்டும்' என்றால் தெரியும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். உங்களை அப்படி நடத்துவதற்குக் காரணம் இனம், நிறம், பிறந்த நாடு, மதம், கர்ப்பம், உடற்குறை மாதிரி ஒன்று என்று நீங்கள் நம்பினால், அதை வாய்விட்டு எழுதுங்கள். 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், பாகுபாடு என்று புகார் சொன்னதற்காகவே ஒருவருக்குக் கெடுதல் செய்வதைத் தனிச் சட்டமீறலாகப் பார்க்கிறது. வெறுமனே 'அநியாயமாக நடத்துகிறார்' என்று எழுதிய புகாருக்கு அந்தக் கவசம் கிடைக்காது. அதே சமயம், கவசத்துக்காக இல்லாததை இட்டுக்கட்டினால், பொய் என்று தெரிந்தே சொன்ன புகாருக்குப் பாதுகாப்பு கிடையாது. உள்ளதை அதன் பெயரால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

'கடிதம் வந்த பிறகுதானே உங்களுக்குப் புகார் ஞாபகம் வந்தது?' என்று கட்டாயம் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். துணை மேனேஜரிடம் இரண்டு முறை வாயால் சொல்லியிருந்தேன், தாளில் எதுவும் இல்லை. போனைத் துழாவியதில் அவருக்கு நான் அனுப்பிய ஒரு செய்தி கிடைத்தது: 'மறுபடியும் மாற்றிவிட்டார், மூன்றாவது வாரக் கடைசி.' தேதி, கடிதத்துக்கு ஒன்பது வாரம் முன். அதை முதல் இணைப்பாக வைத்தேன். இன்னும் கடிதம் வராதவர்கள், மேனேஜரோடு உரசல் இருக்கிறது என்றால், இன்றைக்கே யாருக்காவது எழுத்தில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

இரண்டு ஃபைலுக்கும் பொதுவான அந்த ஒரு பக்கம், எனக்கு ரோட்டா. எந்த நாள், என்ன மாற்றம், எத்தனை மணிக்குச் சொன்னார், அன்று சார்ட்டில் என்ன என்று நாலு கட்டம் போட்ட அட்டவணை. அதைத் தவிர மேனேஜரைப் பற்றி நீல ஃபைலில் எதுவும் வைக்கவில்லை.

ஹியரிங் அறையில்

உங்களோடு ஒருவரைக் கூட்டிப்போகும் உரிமை 1999ஆம் ஆண்டு வேலை உறவுகள் சட்டத்தில் இருக்கிறது. உடன் வேலை செய்பவராக இருக்கலாம், யூனியன் ஆளாக இருக்கலாம். கணவரையோ வழக்கறிஞரையோ விட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவரால் அந்த நாள் வர முடியாவிட்டால், 5 வேலைநாளுக்குள் வேறொரு நாள் கேட்கலாம். அவர் உங்கள் தரப்பை எடுத்துச் சொல்லலாம், தொகுத்துப் பேசலாம், நடுவில் உங்களோடு தனியாக ஆலோசிக்கலாம். உங்களைக் கேட்ட கேள்விக்கு உங்களுக்குப் பதிலாக விடை சொல்ல மட்டும் முடியாது. கிரீவன்ஸ் ஹியரிங்குக்கும் இதே உரிமை. இன்வெஸ்டிகேஷன் மீட்டிங்குக்குச் சட்டப்படி இல்லை, ஆனாலும் கேளுங்கள், பல இடத்தில் விடுகிறார்கள். யூனியனில் சேருவதென்றால் இப்போதே சேருங்கள். சேருவதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினையைப் பல யூனியன்கள் எடுப்பதில்லை.

அன்று நான் இரண்டு தடவை மேனேஜர் கதையை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். மூன்றாவது தடவை, "ஐந்து நிமிடம் இடைவேளை வேண்டும்" என்று அவரே கேட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. இடைவேளை கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆங்கிலத்தில் கேள்வி புரியாவிட்டால் "வேறு மாதிரி கேளுங்கள்" என்று சொல்லுங்கள். தலையாட்டினால் நோட்ஸில் 'ஒப்புக்கொண்டார்' என்று ஏறிவிடும்.

நோட்ஸ் கைக்கு வந்ததும் அன்றே படித்து, தவறானதைத் திருத்தி ஈமெயிலில் அனுப்புங்கள். பதிவு செய்ய வேண்டுமானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரகசியப் பதிவு நம்பிக்கையைக் கெடுக்கும், சில கம்பெனிகளில் அதுவே நடத்தைக் குற்றம்.

தூக்கம் போய், உடம்புக்கு முடியாமல் போவது சகஜம். 7 நாள் வரை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் மருத்துவச் சான்றான ஃபிட் நோட் வேண்டும். ஆனால் ஃபிட் நோட் விசாரணையைக் கொன்றுவிடாது, ஒத்திப்போட மட்டுமே உதவும். திரும்பத் திரும்ப ஒத்திப்போட்டால் நீங்கள் இல்லாமலே நடத்துவார்கள்.

ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த பயம் இரட்டிப்பு. விசாரணை நடப்பதாலோ சம்பளத்தோடு சஸ்பெண்ட் ஆவதாலோ விசா போய்விடாது. வேலை போனால் கம்பெனி உள்துறைக்குத் தெரிவிக்கும். அதன் பிறகு உள்துறை கடிதம் அனுப்பி, வழக்கமாக 60 நாளாக விசாவைச் சுருக்கும். எனவே ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். 'கௌரவமாக நீங்களே போய்விடுங்கள், நல்ல ரெஃபரன்ஸ் தருகிறோம்' என்று மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், "எழுத்தில் அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பணம் கொடுத்து உரிமைகளை விட்டுத்தரச் சொல்லும் செட்டில்மென்ட் ஒப்பந்தம் என்றால், கம்பெனியைச் சாராத ஆலோசகரிடம் நீங்கள் ஆலோசனை பெற்றிருந்தால்தான் அது சட்டப்படி செல்லும். யோசிக்கப் பொதுவாக 10 நாளாவது தர வேண்டும் என்பது ஏகாஸின் வழிகாட்டல்.

காலண்டர்

உங்களைப் பற்றி மேனேஜரும் எச்.ஆரும் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று பார்க்கத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நகல் கேட்கலாம். கட்டணம் இல்லை. 1 மாதத்தில் தர வேண்டும், சிக்கலானதென்றால் மேலும் 2 மாதம் நீட்டிக்கலாம். 'எல்லாவற்றையும் கொடு' என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். இந்த இரண்டு பேர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, என் பெயர் வரும் ஈமெயில்கள் என்று குறுக்கிக் கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள்.

டிசிப்ளினரி முடிவுக்கு ஓர் அப்பீல், கிரீவன்ஸ் முடிவுக்கு ஓர் அப்பீல். தனித்தனிக் கடிதம், தனித்தனிக் கெடு. பிடிக்கவில்லை என்று எழுதாமல், எந்தச் சாட்சியத்தைப் பார்க்கவில்லை, எந்த நடைமுறை தவறியது என்று எழுதுங்கள். அப்பீலே செய்யாமல் நேராக டிரைப்யூனல் போய் ஜெயித்தாலும், ஏகாஸ் தொகுப்பை நீங்கள் காரணமின்றி மீறியதாகக் கருதினால் இழப்பீட்டில் 25 சதவீதம் வரை குறைக்கலாம். கம்பெனி மீறியிருந்தால் அதே அளவு கூட்டலாம்.

டிரைப்யூனலுக்கான கெடுதான் பலர் விழும் பள்ளம். பெரும்பாலான வழக்குகளுக்கு இத்தனை காலமாக இருந்து வந்தது 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. ஜூன் 10 அன்று வேலைநீக்கம் என்றால் செப்டம்பர் 9 கடைசி நாள். அதற்குள் ஏகாஸில் சமரசத்துக்குப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால்தான் கடிகாரம் நிற்கும். உள் அப்பீல் நடக்கிறது, கிரீவன்ஸ் முடிவு வரவில்லை என்பதற்காகவெல்லாம் அது நிற்காது. இதை 6 மாதமாக்க 2025ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று ஏகாஸில் இலவசமாகக் கேட்கலாம். கேட்கும்வரை 3 மாதம் என்றே காலண்டரில் வட்டம் போடுங்கள்.

எனக்கு என்ன ஆனது? இரண்டு கையெழுத்துக்காக முதல் எழுத்து எச்சரிக்கை, 6 மாதத்துக்கு. இருபது நிமிடக் குற்றச்சாட்டு தள்ளுபடி. புகாரில் ரோட்டா பகுதியை ஏற்றார்கள். பேச்சைக் கேலி செய்த பகுதியை ஏற்கவில்லை, அந்த இரண்டு கேரர்களும் 'ஞாபகமில்லை' என்றார்கள். அவர்களும் அதே மேனேஜரின் ரோட்டாவில்தானே இருக்கிறார்கள். அதற்கு அப்பீல் செய்ய எனக்கு 5 வேலைநாள் இருந்தது, களைப்பில் விட்டுவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் எச்.ஆருக்கு ஒரு வரி எழுதினேன்: 'என் எச்சரிக்கை காலாவதியானதை உறுதிப்படுத்தவும்.' இரண்டு நாள் கழித்து 'ஆம்' என்று பதில் வந்தது. அச்செடுத்து நீல ஃபைலில் வைத்தேன்.